மனுப் போட்டவர்கள்

பழைய மிதவாதிகளை 'மனுப் போடும் கோஷ்டி' என்று பரிகாசம் செய்வது நம்மவர் வழக்கம். நானும் செய்திருக்கிறேன். 'மெட்ராஸ் நேடிவ் அஸோஸியேஷன்' என்ற சென்னைவாசிகள் சங்கத்தின் கதையை வாசித்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கு வருவதில்லை.

காங்கிரஸ் பிறப்பதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, 1852-ல், அந்தச் சங்கம் தோன்றிவிட்டது. கல்கத்தாவிலிருந்த பிரிட்டிஷ் இந்திய சங்கத்தின் கிளையாகத் தொடங்கி, சீக்கிரமே தனித்து நின்றது. அதற்கு உயிராக விளங்கியவர் காஜுல லட்சுமிநரசு செட்டியார் என்ற வியாபாரி. 1844-லேயே 'கிரசென்ட்' என்ற பத்திரிகையைத் தொடங்கியவர்.

1853-ல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் விஷயம் லண்டன் பார்லிமெண்டுக்கு வர இருந்தது. சமயம் பார்த்துச் சங்கத்தார் மனு அனுப்பினார்கள். நிலவரி தாங்க முடியவில்லை; கோர்ட்டுக்குப் போனால் காலமும் காசும்தான் கரைகின்றன; பாசனத்தையும் படிப்பையும் கவனிப்பார் இல்லை என்று முறையிட்டார்கள். வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகாரையும் எழுப்பினார்கள்.

கடல் கடந்து போன காகிதத்தை யார் நம்புவார்கள்? ஆனாலும், டான்பி ஸீமோர் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் 1853-ல் நேரில் பார்க்கவே வந்துவிட்டார். செட்டியார் அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலைமையைக் காட்டினார். 1854-ல் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. அதே ஆண்டு சென்னையில் விசாரணைக் கமிஷன் அமைந்தது. 1855-ல் அறிக்கை வெளிவந்தது.

அந்த ஆங்கில அறிக்கையில் நம்முடைய சொற்கள் இரண்டு கிடக்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி என்பது விரல்களை இடையில் வைத்து நசுக்கும் மரக்கட்டை. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து, குனிந்தபடியே நிறுத்தி வைப்பது. அற்பமான பாக்கிக்குக்கூட இந்தத் தண்டனைகள் நடந்தன.

கிட்டியை இறுக்கியது வெள்ளைக்காரன் கையல்ல, நம்மவர் கைதான். கீழ்ச் சிப்பந்திகளான அவர்கள்மீதே அறிக்கை பழியைப் போட்டது. மேலே இருந்த துரைமார்களைப் பெரும்பாலும் தப்பவிட்டது. ஆனால் 1857-ல், சிப்பாய்களின் கொடுமை என்று இங்கிலாந்து அலறியபோது, கார்ல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் இதே அறிக்கையை எடுத்துக்காட்டி ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்டார்.

வரி வசூலும் போலீஸும் ஒரே கையில் இருந்தது கொடுமைக்கு வேர். 1859-ல் வந்த சென்னைப் போலீஸ் சட்டம் அவற்றைப் பிரித்தது. சுயராஜ்யம் அல்ல, சிறிய காரியம்தான். ஆனால் நசுங்கிய விரலுக்குச் சொந்தக்காரனுக்கு அது சிறியதாகத் தோன்றியிராது.

செட்டியார் 1868-ல் காலமானார். பொதுக் காரியத்தில் அவருடைய செல்வமெல்லாம் கரைந்திருந்தது. சங்கமும் மெல்ல ஓய்ந்தது. 1884-ல் சென்னை மகாஜன சபை தோன்றி அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது.

லாக்கப்பில் அடித்தார்கள் என்ற செய்தியை இன்றைக்கும் பத்திரிகையில் வாசிக்கிறோம். கோஷம் போட ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அடிபட்டவனுடைய பெயரையும் ஊரையும் கேட்டு, தேதி போட்டு எழுதி, உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை விடாமல் இருக்க ஓர் ஆளாவது வேண்டும். மனுப் போட்டவர்கள் அதைச் செய்தார்கள்.