புரவியின் முதுகுக் கோடு

ஹிஜ்ரி 681இல் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான், மொழியறிஞர்களான அஸ்மஈ, அபூ உபைதா ஆகிய இருவரைப் பற்றிய ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். இருவருமே குதிரையைப் பற்றி நூல் இயற்றியவர்கள். அப்பாஸிய அமைச்சர் அல்ஃபள்லு இப்னுர் ரபீஃ அந்நூல்களின் அளவை வினவினார். அஸ்மஈ, "ஒரு தொகுதி" என்றார். அபூ உபைதாவோ, "ஐம்பது தொகுதி" என்றார். உடனே ஒரு குதிரை கொண்டுவரப்பட்டது. ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பெயர் கூறுமாறு பணித்தபோது, தாம் கால்நடை மருத்துவர் அல்லர் என்று அபூ உபைதா ஒதுங்கிக்கொண்டார். அஸ்மஈ எழுந்து, உறுப்பு உறுப்பாகக் கைவைத்துப் பெயர்களைக் கூறி, அக்குதிரையையே பரிசாகப் பெற்றார்.

பெயரை ஏட்டில் அறிவது வேறு. உடலில் காண்பது வேறு. நிறத்தைப் பொறுத்தும் இதுவே உண்மை. 'குமைத்', 'அஷ்கர்' என்னும் இருவகைச் செந்நிறக் குதிரைகளை அரபு அகராதியாசிரியர்கள் எவ்வாறு பிரித்தனர்? பிடரி மயிரும் வாலும் கறுத்திருந்தால் குமைத். அவையும் சிவந்திருந்தால் அஷ்கர். உடலின் நிறம் ஐயத்தைத் தரும். குறித்த ஓர் அடையாளமே ஐயத்தைத் தீர்க்கும்.

ஆங்கிலத்தில் 'டன்' எனப்படும் நிறத்தை அறிவதற்கும் இம்முறையே வேண்டும். டன் என்பது தனியொரு நிறமன்று. அடிப்படை நிறத்தை மங்கச் செய்யும் ஓர் இயல்பு. குமைத் குதிரையில் அது மணல் மஞ்சளாகத் தோன்றும். கருங்குதிரையில் எலிச் சாம்பலாகும். செங்குதிரையில் வெளிர் சிவப்பாகும். ஆனால் தலையும் கால்களும் உடலைவிட அடர்ந்தே நிற்கும். அவற்றோடு 'ஆதி அடையாளங்கள்' எனப்படும் கோடுகளும் இருக்கும். அவற்றுள் தலையாயது பிடரியிலிருந்து வால்வரை ஓடும் முதுகுக் கோடு. கால்களில் வரிக்குதிரை போன்ற குறுக்குப் பட்டைகள், தோளில் ஒரு குறுக்குக் கோடு, நெற்றியில் சிலந்திவலை போன்ற மெல்லிய வரிகள், பிடரியின் நடுவில் கருமயிரும் இருமருங்கிலும் வெண்மயிரும் சில குதிரைகளில் மட்டும் காணப்படும். நார்வே நாட்டு ஃபியோர்ட் குதிரைகள் இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஈண்டுப் பிழை நேர்வது எளிது. 'பக்ஸ்கின்' எனப்படும் குதிரையும் பொன்மஞ்சள் உடலும் கரும்பிடரியும் கருங்காலும் உடையதே. எனினும் அது முற்றிலும் வேறொரு மரபணுவின் விளைவு. பக்ஸ்கின் ஆணும் பெண்ணும் கூடினால் நீலக்கண்ணுடன் ஏறத்தாழ வெண்ணிறமான குட்டி பிறக்கலாம். டன் மரபணு ஒருபோதும் அவ்வாறு செய்யாது. இரண்டையும் 'மஞ்சள்' என்று ஏட்டில் எழுதிவிட்டால் மரபின் செய்தி மறைந்துபோகும். எனவே முதுகைப் பார்க்க வேண்டும். அங்கும் பொறுமை தேவை. டன் அல்லாத குட்டிகளிலும் மங்கலான கோடு தோன்றி, முதல் மயிர் உதிரும்போது மறைவதுண்டு. டன் குதிரையின் கோடோ விளிம்பு தெளிந்து, வாலுக்குள்ளும் தொடரும்.

இக்கோட்டின் வரலாற்றுப் பெருமையை உணர்ந்தவர் சார்லஸ் டார்வின். 1859இல் வெளிவந்த தமது நூலில், நம் நாட்டுக் கத்தியவார் குதிரைகளை அவர் சான்றாகக் காட்டினார். இந்திய அரசுக்காக அவற்றை ஆராய்ந்த கர்னல் பூல், கோடில்லாத குதிரை அங்குத் தூய இனமாகக் கருதப்படுவதில்லை என்று அவருக்குத் தெரிவித்திருந்தார். பல நாட்டுக் குதிரைகளிலும் கழுதைகளிலும் காணும் கோடுகளைத் தொகுத்து நோக்கிய டார்வின், இவற்றின் பொது மூதாதை வரியுடைய விலங்கே என்று முடிவு செய்தார்.

2016இல் வெளியான மரபணு ஆய்வு இதனை மேலும் விளக்கியது. டன் குதிரையின் உடல்மயிர் ஒவ்வொன்றிலும் நிறம் ஒரு பக்கத்தில் மட்டுமே படிகிறது. அதனாலேயே உடல் வெளிறித் தோன்றுகிறது. கோட்டிலுள்ள மயிரிலோ நிறம் சுற்றிலும் நிறைந்திருக்கிறது. டிபிஎக்ஸ்-3 என்னும் மரபணுவே இதனை ஆள்கிறது. டன்னே குதிரையின் காட்டியல்பான நிறம் என்பதும், இன்றைய வீட்டுக் குதிரைகளுள் பெரும்பாலானவை அதனை இழந்தவை என்பதும் புலனாயின. எனினும் அவ்விழப்பு முழுதும் மனிதன் செயலன்று. டன் அல்லாத இருவகைகளுள் ஒன்று, குதிரை வீட்டு விலங்காகும் முன்னரே இருந்ததைத் தொல்லெலும்புகளின் மரபணு காட்டிற்று.

அரபு அகராதிகளில் 'ஜுத்தா' என்றொரு சொல் உண்டு. கழுதையின் முதுகில் அதன் நிறத்துக்கு மாறாக ஓடும் கோடு என்று அதற்குப் பொருள் கூறுவர். மலைகளில் காணும் பல்வண்ணப் பாதைகளைக் குறிக்கத் திருக்குர்ஆனில் (35:27) வரும் 'ஜுதத்' இதன் பன்மையே. இன்றைய தூய அரபுக் குதிரையினத்தில் டன் இல்லை. ஆயினும் கழுதையின் முதுகிலுள்ள கோட்டுக்கும் தனிப்பெயர் தேவையென அம்மொழியாளர் கருதினர். கண்டதைக் கண்டவாறு பெயரிட்டவர்களால்தான் பின்வந்தோர் ஒப்பிட முடிந்தது. கத்தியவாரின் குதிரைகளைக் கோடு தேடிப் பார்த்தவர்கள் இல்லையேல், டார்வினுக்கு அச்சான்றும் கிட்டியிராது.