புள்ளியைப் பிடித்து நிறுத்தும் தரை

தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து நிறங்களைப் பார்ப்பார்கள். இரசாயனவியல் படிப்பித்தே காலம் கழித்த எனக்கு நிறத்துக்கு அடியில் கிடக்கும் சாந்துதான் முதலில் கண்ணில் படும். ஐந்து குகைகள், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் ஓவியம். கோயிலின் கதை கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னனோடு தொடங்கினாலும், இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆண்ட 1747–1782 காலத்தில் புதிதாகத் தீட்டப்பட்டது. கண்டி மரபு ஓவியர் வெறும் பாறையில் தூரிகை வைப்பதில்லை. முதலில் களிமண் சாந்து, அதன்மேல் மக்குல் எனும் வெள்ளை மண் பூச்சு, பிறகுதான் நிறம்.

அந்த நிறங்களை முறையாக எழுதிவைத்தவர் ஒரு தமிழரின் மகன். சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி புவிச்சரிதவியல் படித்தவர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குத் தலைமை வகித்தவர். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் அவர் வெளியிட்ட பெருநூலில் ஓவியர் கையாண்ட பொருள்கள் வருகின்றன: சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரமும் கொக்கட்டு மரத்துப் பாலும், நீலத்துக்கு அவுரி, கறுப்புக்கு விளக்குக் கரி. கலை வரலாற்றுக்காரர்கள் அந்தப் பட்டியலைக் கலைக்காகப் படிக்கிறார்கள். எனக்கோ அது ஒரு பரிசோதனைக்கான பட்டியல். சாதிலிங்கமும் அரிதாரமும் கனியங்கள்; எங்கள் ஆய்வுகூடக் கரைப்பான் எதிலும் கரையாமல் வைத்த இடத்திலேயே கிடக்கும். அவுரி நீலம் குளோரோபோமில் மட்டும் கொஞ்சம் அசையும். கொக்கட்டுப் பிசின் அல்ககோலில் நன்றாகவே கரையும். ஒரு பொருள் எங்கே நிற்கும், எங்கே ஓடும் என்ற இந்தக் கேள்விதான், கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் நிறப்பகுப்பின் முழு வரலாறும். (கோயில் சுவரைச் சுரண்டிப் பரிசோதிக்கலாமா என்று யாரும் கேட்கவேண்டாம். கூடாது.)

குமாரசுவாமி கனிய அளவையை விட்ட அதே 1906இல், ரஷ்யத் தாவரவியலாளர் மிகாயில் த்ஸ்வெத் ஜெர்மன் தாவரவியல் சங்கத்தின் இதழில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். 1903இலேயே வார்சோவில் அவர் பேசிய விஷயம்தான் அது. அதன் வேர் ஒரு சின்னப் புதிரில் இருக்கிறது. பிரித்தெடுத்த பச்சையம் பெற்றோலியம் ஈதரில் நன்றாகக் கரையும். ஆனால் அதே ஈதரை இலைமேல் ஊற்றினால் பச்சையம் வெளியே வராது. மஞ்சள் கரோட்டின் மட்டும் வரும். ஈதரில் துளி அல்ககோல் சேர்த்தால் பச்சையமும் இறங்கிவிடும். அப்படியானால் கரைப்பானில் குறை இல்லை. இலையின் இழையம் பச்சையத்தைப் பிடித்துவைத்திருக்கிறது. அல்ககோல் அந்தப் பிடியைக் கழற்றுகிறது. த்ஸ்வெத் இதை உணர்ந்தவுடன் இலையை விட்டுவிட்டு, அதேபோலப் பிடிக்கும் வேறு தூள்களைத் தேடினார். நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தார். கண்ணாடிக் குழாயில் கல்சியம் காபனேற்றுத் தூளை அடைத்து மேலிருந்து கரைசலை விட்டபோது பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையமாகப் பிரிந்தன. கரைப்பானும் பரப்பும் ஒரே பொருளுக்காக இழுபறிப்படும் இடத்தை முதலில் கண்டவர் அவர். 1919இல் இறக்கும்வரை அவருக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

குழாயிலிருந்து தட்டுக்கு வந்த கதை இன்னும் சுவையானது. 1938இல் உக்ரேனின் கார்கிவ் நகரில் நிக்கொலாய் இஸ்மாயிலோவுக்கும் மரியா ஷ்ரைபருக்கும் மருந்துச் சாறுகளைச் சோதிக்க வேண்டியிருந்தது. குழாய் வேலைக்கு நேரம் அதிகம். கண்ணாடித் துண்டில் அலுமினாவை 2 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பி, சாற்றில் ஒரு துளி வைத்து, மேலே கரைப்பான் துளியை விட்டு, புற ஊதா ஒளியில் வளையங்களைப் பார்த்தார்கள். 1951இல் அமெரிக்காவில் கேர்ச்னரும் கூட்டாளிகளும் மாப்பொருள் கலந்த சிலிசிக் அமிலத்தைக் கண்ணாடிப் பட்டியில் பூசி, கரைப்பானை அடியிலிருந்து ஏறவிட்டு, தோடம்பழ வகைகளின் எண்ணெயைப் பிரித்தார்கள். வழி தெரிந்துவிட்டது; ஆனால் உலகம் அந்த வழியில் நடக்கவில்லை. ஏனென்றால் ஒவ்வொருவர் தட்டும் ஒவ்வொரு மாதிரி. ஓர் ஆய்வுகூடத்தில் நடுவில் நின்ற புள்ளி இன்னொன்றில் உச்சிக்குப் போனது.

அதைத் தீர்த்தவர் ஜெர்மன் மருந்துத் தாவரவியலாளர் எகோன் ஸ்டால். 1956இல் தொடங்கி 1958க்குள் அவர் செய்தது புதுக் கொள்கை எதுவும் அல்ல. சிலிக்காவின் மணிப்பருமனை வரையறுத்தார், பிடிமானத்துக்கு ஜிப்சம் சேர்த்தார், கால் மில்லிமீற்றர் தடிப்பில் சீராகப் பரப்பும் கருவியை வகுத்தார். மேர்க் நிறுவனம் அந்தச் சிலிக்காவை அவர் பெயரோடு விற்றது. தட்டு ஒரே தரமானதும் உலகம் முழுவதும் டீ.எல்.சி. எனும் மென்படை நிறப்பகுப்பு பரவிவிட்டது. இந்த வரலாற்றில் எனக்குள்ள உறுதியான அபிப்பிராயம் இதுதான்: மென்படை நிறப்பகுப்பை வாழவைத்தது கரைப்பான் அல்ல, நம்பத்தக்க பரப்பு. பாடப்புத்தகங்கள் கரைப்பான் விகிதத்தைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டுப் பரப்பை ஒரு வரியில் கடந்துபோவதை நான் ஏற்கவே மாட்டேன்.

சிலிக்காவின் மேலெல்லாம் ஐதரொட்சில் கூட்டங்கள் நிற்கின்றன. ஒட்சிசன், நைதரசன் உள்ள மூலக்கூறு வந்தால் ஐதரசன் பிணைப்பால் கையைப் பிடித்துக்கொள்ளும். தம்புள்ளைச் சந்தையில் தெரிந்தவர் அதிகமுள்ள ஆள் ஒவ்வொரு கடையிலும் நின்று நின்றுதான் வெளியே வருவார். கரோட்டின் யாரையும் தெரியாதவர்போல நேரே போய்விடும். கரைப்பானின் வேலை இரண்டு: மூலக்கூறைக் கரைத்துக் கூட்டிப்போவது, பரப்பில் அதன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்வது. வல்லாரைச் சாற்றை வைத்து மாணவருக்கு இதைக் காட்டுவேன். தனிப் பெற்றோலியம் ஈதரில் மஞ்சள் மட்டும் ஏறும், பச்சை அடியில் கிடக்கும். தனி அசெற்றோனில் எல்லாமே உச்சிக்கு ஓடிக் கலந்துவிடும். ஏழுக்கு மூன்று என்று கலந்தால் மஞ்சள், நீலப்பச்சை, மஞ்சட்பச்சை என்று அழகாகப் பிரியும். கரைப்பான்களைப் பரப்பிலிருந்து பொருளைக் கழற்றும் வலிமைப்படி 1940இல் வரிசைப்படுத்தியவர் ட்ராப்பே. அந்த வரிசை சிலிக்கா, அலுமினா போன்ற முனைவுள்ள தரைக்கு உரியது. சிலிக்காவின் கைகளில் நீண்ட ஐதரோகாபன் சங்கிலிகளைக் கட்டிவிட்டால் எல்லாம் தலைகீழ்: கரோட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும், முனைவுள்ளவை முன்னே ஓடும்.

இந்த ஊரில் இதற்கு ஒரு கூடுதல் பாடம் உண்டு. தம்புள்ளை உலர் வலயம்; ஓகஸ்டில் காற்றே அனலாக இருக்கும். வடகீழ்ப் பருவமழை இறங்கும் டிசம்பரில் ஆய்வுகூடச் சுவர்கூட ஈரம் கசியும். தம்புள்ளைக்குச் சற்றுத் தள்ளிய ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில், அப்படி ஒரு மாரி நாளில் ஒரு மாணவி தட்டைத் தூக்கிக் காட்டினாள்: “டீச்சர், அதே கரைப்பான்தான் விட்டேன். எல்லாப் புள்ளியும் மேலே ஏறிவிட்டதே!” அவள் செய்ததில் பிழையே இல்லை. ஈரக் காற்றில் சில நிமிடம் கிடந்தால் போதும், சிலிக்காவின் கைகளை நீர் மூலக்கூறுகள் பிடித்துவிடும். பிறகு சாயத்தைப் பிடிக்கக் கை ஏது? புரொக்மன் 1941இல் அலுமினாவை ஐந்து தரமாகப் பிரித்தபோது, வேறுபாடு அதில் சேர்த்த நீரின் அளவுதான். 110 பாகையில் அரை மணி சூடாக்கி, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டால் தட்டு பழைய வலிமைக்குத் திரும்பும். அன்று அவளுக்கு இதைச் சொன்னபோது வகுப்பே மழையைப் புதிதாகப் பார்த்தது.

இதெல்லாம் பாடசாலைக்குள் முடிகிற விஷயம் அல்ல. 1999இல் இங்கே பொருளாதார மத்திய நிலையம் வந்தபின் நாட்டின் மரக்கறியில் பெரும்பங்கு இந்த ஊரைத் தொட்டே போகிறது; உணவுக் கலப்படம் எங்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல. நாம் உண்ணும் மிளகாய்த்தூளை எடுங்கள். 2003இல் ஐரோப்பாவில் இறக்குமதி மிளகாய்த்தூளில் சூடான் 1 என்ற தடைசெய்யப்பட்ட சாயம் பிடிபட்டது. 2005இல் அதே சாயத்தால் பிரித்தானியாவில் நானூற்றுக்கும் மேற்பட்ட உணவுப்பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற வேண்டிவந்தது. அந்தச் சாய மூலக்கூறில் ஐதரொட்சில் உண்டு. ஆனாலும் சிலிக்காவில் அது தாராளமாக ஏறும். அந்த ஐதரொட்சில் தன் மூலக்கூறிலேயே உள்ள நைதரசனோடு பிணைந்திருப்பதால் தரைக்குக் கொடுக்கக் கை இல்லை. தூய சாயத்தின் புள்ளியையும் அதே தட்டில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்ப்பதுதான் கலப்படத்தைச் சந்தேகிக்க அதிகச் செலவில்லாத முதல் வழி. உறுதிப்படுத்தப் பெரிய கருவிகள் வேண்டும். சந்தேகிக்க ஒரு தட்டு போதும்.

ஆகவே உயர்தரம் படிப்பிக்கும் என் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்து வரும் ஆர்.எஃப். பெறுமானத்தை மட்டும் மாணவர் கொப்பியில் எழுதவைக்காதீர்கள். எந்தப் பூச்சு, எப்போது சூடாக்கியது, அன்று வானம் எப்படி, கரைப்பான் என்ன விகிதம், தொட்டி மூடியிருந்ததா, பக்கத்தில் ஒப்பிட வைத்த புள்ளி எது என்று எண்ணுக்கு மேலேயே எழுதச் சொல்லுங்கள். இவை இல்லாத ஆர்.எஃப். பெறுமானத்துக்குப் புள்ளி போடாதீர்கள்.