திணறும் என்ஜின்: கொங்கு நாட்டுப் பட்டறை மரபு குறித்துச் சில குறிப்புகள்

கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை எழுதுவோர் பருத்தியில் தொடங்கி, பஞ்சாலைகள், மோட்டார் பம்புகள் வழியாகத் திருப்பூரின் பின்னலாடைக்கு வந்து சேர்வது வழக்கம். அவ்வரலாற்றில் இயந்திரங்களைச் செய்தவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் இடமுண்டு. பழுது பார்த்தவர்களுக்கு ஒரு பத்தி கூடக் கிடைப்பதில்லை. இக்கட்டுரையில் அவர்கள் பக்கம் சற்றே திரும்ப விழைகிறோம். எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. சீராக ஓடாமல் திணறுகிற பழைய மோட்டார் சைக்கிள் என்ஜினின் குறையை இப்பகுதியினர் எவ்வாறு கண்டறிந்து வந்தனர் என்பதே அது.

இம்மரபுக்கு ஒரு தொடக்கப் புள்ளி வேண்டுமெனில், ஜி.டி. நாயுடுவிடமிருந்து தொடங்கலாம். 1893-இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கலில் பிறந்த அவர், ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்ததும், கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து சேர்த்த 300 ரூபாயில் அவ்வண்டியையே வாங்கியதும் பலரும் அறிந்த செய்தி. வாங்கியவர் உடனே ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்தார் என்பர். பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில் அவர் திருப்பூரில் பஞ்சுத் தொழிலில் ஈடுபட்டதும், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்டதும் அவர் வாழ்க்கை வரலாற்றில் அடுத்தடுத்து வருபவை.

அந்தப் பிரித்துப் பூட்டலின் பொருளை உணர, அக்கால மோட்டார் சைக்கிளின் இயல்பை அறிதல் வேண்டும். இன்றுபோல் வலக்கையை முறுக்கினால் மட்டும் ஓடிவிடும் வண்டியன்று அது. பெட்ரோலுக்கு ஒரு நெம்பு, காற்றுக்கு மற்றொரு நெம்பு. தீப்பொறி எழும் கணத்தை முன்தள்ளவும் பின்தள்ளவும் இன்னொன்று. எண்ணெயைக் கூட ஓட்டுபவரே கையால் பம்பு செய்ய வேண்டும். தீப்பொறி முந்தினால் என்ஜின் தட்டும். பிந்தினால் சூடேறிச் சோர்ந்துபோகும். காற்று மிகுந்தால் வெடிக்கும். பெட்ரோல் மிகுந்தால் புகையும். ஆகவே அவ்வண்டியை ஓட்டுவதென்பதே இடைவிடாமல் அதன் ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருப்பதுதான். ஓட்டுநரும் மெக்கானிக்கும் ஒருவராகவே இருந்த காலம் அது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி புல்லட் வண்டிகளை அளித்தது. 1960-களில் மைசூரின் ஐடியல் ஜாவாவும் எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத்தும் வந்தன. நெம்புகள் மறைந்தன; அவற்றின் வேலையை வண்டியே செய்துகொண்டது. ஆனால் கேட்டுத் திருத்தும் வேலை மறையவில்லை, ஓட்டுநரிடமிருந்து பட்டறைக்கு இடம் பெயர்ந்தது. புல்லட்டின் முகப்பு விளக்குக்கு மேலிருந்த ஆம்பியர் மானியை எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயிண்டுகள் சேரும்போது முள் இடப்புறம் சாயும். பிரியும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லையெனில், மின்சாரம் பாயிண்டு வரை வரவில்லை, அல்லது பாயிண்டுகள் சேரவில்லை, பிரியவில்லை என்று பொருள். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதி விடையைப் பெற்றுவிடலாம். மருத்துவன் நாடி பார்ப்பதற்கு இதனை ஒப்பிடுவது மிகையாகாது.

திருப்பூரைப் பொறுத்தவரை, இக்கலை வயிற்றுப்பாட்டோடு பிணைந்தது. இவ்வூரின் பின்னலாடைத் தொழில் ஒரே கூரையின் கீழ் நடப்பதன்று. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் வேறிடம், தையல் இன்னோரிடம். ஒரு பனியன் உருவாகும் முன் அதன் துணி பல கூரைகளைக் காண்கிறது. 1980-களில் ஏற்றுமதி பெருகத் தொடங்கியபோது, இக்கூரைகளை இணைத்தவற்றுள் ஓசூரிலிருந்து 1980-இல் வெளிவந்த டிவிஎஸ் 50 போன்ற சிறு வண்டிகளும் அடங்கும். ஓட்டுபவரை மறைக்குமளவு துணி மூட்டையை ஏற்றிச் செல்லும் வண்டி நடுவழியில் நின்றால், அடுத்த பட்டறையின் பவர் டேபிள்கள் காத்துக் கிடக்கும். வாரச் சம்பளக்காரரின் கூலி குறையும். வண்டியின் மிஸ்ஸிங் சிலருக்கு அன்றைய சோற்றுக் கணக்கு.

அவ்வண்டிகள் யாவும் டூ ஸ்ட்ரோக் இனத்தவை. பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிவதால் சைலன்சருக்குள் கரி படியும். புகை வெளியேற வழியின்றி வண்டி இழுவை இழக்கும். அறியாதவர் கார்புரேட்டரைக் கழற்றுவார். அறிந்தவர் முதலில் சைலன்சரின் வாயில் கையை வைத்துப் பார்ப்பார். கிராங்க் சீல் தேய்ந்தால் வேண்டாத காற்று உள்ளே புகுந்து, ஆக்சிலரேட்டரை விட்ட பின்பும் என்ஜின் கத்திக்கொண்டே இருக்கும். நோய் வேறு, குறி வேறு. குறியிலிருந்து நோய்க்குச் செல்லும் வழியைத்தான் பட்டறைச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்றனர்.

அவ்வழி நான்கே கேள்விகளால் ஆனது. பெட்ரோல் வருகிறதா, காற்று அளவோடு சேர்கிறதா, தீப்பொறி உரிய நேரத்தில் எழுகிறதா, உள்ளே அழுத்தம் நிற்கிறதா? இந்நான்குக்கும் முதல் சாட்சி பிளக். அதன் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரி. கருங்கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது காற்று வடிகட்டியில் அடைப்பு. பஞ்சும் தூசியும் பறக்கும் ஊரில் இரண்டாவதை முதலில் ஐயுறுதல் நலம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் ரப்பரில் விரிசல். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் எண்ணெய்ப் பசை கண்டால் பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்திருக்கும்.

அடுத்த சாட்சி நேரம். குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடிச் சூடேறிய பின் விட்டுவிட்டு ஓடினால் கண்டென்சரையோ காயிலையோ ஐயுற வேண்டும். ஐட்லிங்கில் நிற்காமல் வேகத்தில் மட்டும் சீராக ஓடினால் பைலட் ஜெட்டில் அடைப்பு. சில கிலோமீட்டர் ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுமாயின், பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்து பார்க்கலாம். மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டால் டேங்க்குக்குள் காற்று புகாது. காற்று புகாவிடில் பெட்ரோல் இறங்காது. ஓர் ஊசியால் தீரும் குறைக்கு என்ஜினையே இறக்குவோரும் உண்டு.

இவை அனைத்துக்கும் மேலான விதி ஒன்றுண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிளக்கை மாற்றி, கார்புரேட்டரைத் துடைத்து, பாயிண்டையும் உரசிவிட்டால் வண்டி ஓடக்கூடும். எதனால் ஓடியது என்பது தெரியாது. தெரியாமல் தீர்ந்த குறை மீண்டும் வரும். இது எந்த ஆய்வுக்கூடத்திலும் போற்றப்படும் நெறி. எழுத்தறிவு குறைந்த பட்டறைகளிலும் அது வழங்கி வந்தது என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

மொழி ஆர்வலர்களுக்கு இதில் மற்றொரு செய்தியும் உண்டு. பிளக், கார்புரேட்டர், பாயிண்ட், டேப்பட் என உறுப்புகளின் பெயர்கள் யாவும் ஆங்கிலம். கலைச்சொல் அகராதிகள் தந்த தமிழ்ப் பெயர்களைப் பட்டறைகள் ஏற்கவில்லை. ஆனால் குறைகளைச் சொல்லும் வினைகளைப் பாருங்கள். வண்டி திணறுகிறது, இருமுகிறது, மூச்சு வாங்குகிறது, அடைக்கிறது, புகை கக்குகிறது. பொருள் வெளியிலிருந்து வந்தது, அதன் நோயை உணர்ந்த செவி தமிழ்ச் செவி. அகராதிகள் பெயர்ச்சொற்களைத் தேடிய நேரத்தில் இவ்வினைகளை எவரும் தொகுக்கவில்லை.

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன் விளைவாக, புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் ஊசிகளும் கணிப்பொறிப் பலகையும் பிடித்தன. குறையை இன்று பெரும்பாலும் குறியீட்டு எண்ணாக ஸ்கேனர் சொல்கிறது. தூய்மையான காற்றுக்கு அது நல்லதே. அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் பழைய வண்டிகள் சாலையை விட்டு அகலவில்லை. பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு சேரும் இந்நாளில் அவற்றின் ரப்பர் உறுப்புகள் விரைந்து கெடலாம். ஈரத்தை ஈர்க்கும் எத்தனாலால் நீண்ட நாள் நிறுத்திய வண்டியின் டேங்க்கில் நீர் தங்கலாம். புதிய நோய்கள் பழைய உடலுக்கு வருகின்றன. அவ்வண்டிகளிடம் குறியீட்டு எண் ஏதுமில்லை, ஒலி மட்டுமே உண்டு.

அவ்வொலியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்கள் மறைந்தால், சிறு அடைப்பு மட்டுமே உள்ள வண்டிகளும் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அவற்றை நம்பிப் பிழைப்போர் புதிதாய்க் கடன் வாங்க நேரும். கல்வெட்டுகளைப் படியெடுப்பதற்குக் காட்டும் ஆர்வத்தில் ஒரு பகுதியை, நம் தெருமுனைப் பட்டறையில் அமர்ந்து அப்பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளவும் காட்டலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.