நிலமாகக் கணக்கிடப்பட்ட மனிதர்கள்: குடியேற்றக்கால வர்ஜீனியாவின் வாரிசுச் சட்டம்

வர்ஜீனியாவின் புகையிலைப் பெருநிலக்காரர்கள் இங்கிலாந்துப் பிரபுக்களைப் போலத் தலைமகனுக்கே சொத்தைச் சேர்த்தார்களா என்பது வரலாற்றாய்வில் நெடுநாளாகத் தீராத வழக்கு. கிளாரன்ஸ் கெய்மும், 1964இல் நூல் எழுதிய ராபர்ட், கேத்தரின் பிரவுன் தம்பதியும், தகப்பன்மார் இளைய மகன்களுக்கும் நிலம் எழுதிவைத்ததைச் சுட்டிக்காட்டினர். தலைமகன் உரிமைக்கும் வழிவழிக் கட்டுக்கும் அங்கே பெரிய செல்வாக்கு இல்லை என்றனர். (சொத்தை அனுபவிக்கலாம், விற்கவோ பிறருக்கு எழுதிவைக்கவோ கூடாது என்று அடுத்தடுத்த தலைமுறைகளைப் பிணைக்கும் ஏற்பாடே வழிவழிக் கட்டு.) 1997இல் ஹாலி புரூவர் இதை மறுத்தார். புரட்சிக்கு முன்பு கடலோர மாவட்ட நிலத்தில் முக்கால் பங்கு இப்படிக் கட்டுண்டிருந்தது என்பது அவர் மதிப்பீடு. எனக்கு அவர் வாதமே ஏற்புடையது. நான்கு மகன்களுக்குப் பிரித்துக் கொடுத்த தகப்பன் நான்கு பங்கையும் தனித்தனியே கட்டிவைத்திருக்கலாம். பாகம் பிரிந்ததாலேயே நிலம் விற்பனைக்கு வந்துவிடாது. இருந்தும் வழக்கு பெரும்பாலும் மகன்களைச் சுற்றியே நடக்கிறது. உயில்களில் சொத்துப் பட்டியலில் மட்டும் பெயர் வந்தவர்கள்மீதுதான் சட்டத்தின் முழுப் பாரமும் விழுந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1705இல் வர்ஜீனியச் சட்டமன்றம் அடிமைகளை அசையாச் சொத்தாக அறிவித்தது. கடன்காரர் வந்தால் அவர்கள் ஆடுமாடுகளைப் போல அசையும் பொருள். உரிமையாளர் உயிலின்றி இறந்தால் நிலம். அதே ஆண்டு, இங்கிலாந்து நீதிமன்றங்களில் கட்டை அவிழ்க்கப் பயன்பட்ட ஒப்புக்கு நடத்தும் வழக்குமுறையையும் மன்றம் தடைசெய்தது. இனி ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்கத் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். 1734இல் 200 பவுண்டுக்கு உட்பட்ட சிறு நிலங்களுக்கு மட்டும் எளிய வழி கிடைத்தது. இந்த வகையில் தாய்நாட்டைவிடக் குடியேற்றமே கடுமை காட்டியது.

காரணம் ஊகிக்கக்கூடியதே. உழைக்க ஆளில்லாத நிலத்தால் வாரிசுக்கு என்ன பயன்? 1727ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகளையும் அவர்கள் சந்ததியையும் கட்டுண்ட நிலத்தோடு சேர்த்தே கட்டிவைக்க அனுமதித்தது. இதற்கு 1662ஆம் ஆண்டுச் சட்டம் முன்பே வழி செய்திருந்தது: பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது. வெள்ளையரின் நிலம் தந்தைவழியில் இறங்கியது, கறுப்பரின் அடிமைத்தனம் தாய்வழியில் இறங்கியது. 1748இல் அடிமைகளை அசையும் சொத்தாக மாற்றச் சட்டமன்றமே முயன்றது, லண்டன் ஒப்புக்கொள்ளவில்லை.

1776 அக்டோபரில் தாமஸ் ஜெஃபர்சன் கொண்டுவந்த மசோதா வழிவழிக் கட்டை ஒழித்தது. தலைமகன் உரிமையை நீக்கிய 1785ஆம் ஆண்டுச் சட்டம் 1787 முதல் நடைமுறைக்கு வந்தது. பரம்பரைப் பிரபுத்துவத்தின் வேரை அறுத்த செயல் என்று ஜெஃபர்சனும் அவர் வழிவந்தோரும் இதைக் கொண்டாடினர். வெள்ளைக் குடும்பத்தின் இளைய மகனுக்கும் மகளுக்கும் அது நியாயம்தான். ஆனால் ஜெஃபர்சனின் மசோதா நிலத்தோடு அடிமைகளையும் கட்டிலிருந்து விடுவித்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் விடுபட்டது சுதந்திரத்துக்காக அல்ல, விற்பனைக்காக. பழைய கட்டில் கருணை ஏதுமில்லை. இருந்தாலும் ஒரே பண்ணையில் மூன்று தலைமுறை சேர்ந்திருக்க அது இடம்தந்திருக்கக்கூடும். பிள்ளைகளுக்குள் சமப்பங்கு என்றால் அடிமைக் குடும்பமும் அத்தனை பங்காகும்.

சீர்திருத்தம் தொடாமல் விட்ட ஒன்றும் உண்டு: கைம்பெண்ணின் மூன்றில் ஒரு பங்கு. 1757இல் டேனியல் பார்க் கஸ்டிஸ் உயில் எழுதாமல் இறந்தார். ஏறத்தாழ 17,500 ஏக்கர் நிலமும் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான அடிமைகளும் அவர் விட்டுச்சென்ற சொத்து. மனைவி மார்த்தாவுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கின்மீது ஆயுட்கால அனுபவ பாத்தியதை மட்டுமே. அவருக்குப் பின் அது கஸ்டிஸ் வாரிசுகளுக்கே திரும்ப வேண்டும். 1759இல் அவரை மணந்த ஜார்ஜ் வாஷிங்டனுக்கும் அதற்குமேல் உரிமை கிடைக்கவில்லை. 1799இல் மவுண்ட் வெர்னனில் இருந்த 317 அடிமைகளில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம், 153 பேர் கஸ்டிஸ் பங்கு; மற்றவர்கள் குத்தகைக்கு வந்தவர்கள். வாஷிங்டனின் உயிலால் முதல் வகையினருக்கு மட்டுமே விடுதலை தர முடிந்தது. நாற்பது ஆண்டுகளில் இரு வகையினரும் தமக்குள் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். 1801 ஜனவரியில் கணவன் விடுதலையானான், மனைவியும் பிள்ளைகளும் கஸ்டிஸ் சொத்தாகவே நின்றார்கள். 1802இல் மார்த்தா இறந்ததும் அவர்கள் நான்கு பேரப்பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டார்கள்.

கஸ்டிஸ் பங்கைச் சேர்ந்த ஓனா ஜட்ஜ் 1796இல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் சென்றார். வாஷிங்டன் அவரைத் திரும்பப் பிடிக்க மீண்டும் மீண்டும் முயன்றதில் கோபம் மட்டும் இல்லை, கணக்கும் இருந்தது: தொலைந்தது பிறர் சொத்து, அதன் விலைக்கு அவர் கஸ்டிஸ் குடும்பத்துக்குப் பதில்சொல்ல வேண்டும். சுதந்திர மாலுமி ஒருவரை ஓனா மணந்தார், பிள்ளைகள் பிறந்தார்கள். தாய்வழிச் சட்டப்படி அந்தப் பிள்ளைகளும் கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்தே. 1848இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் விடுதலை பெறவே இல்லை.