இயற்கணிதப் பின்னங்களில் குறை அடுக்குகள்

இயற்கணிதத்தில் x⁻ⁿ என்பது 1/xⁿ என்பதன் மறுவடிவம். x சுழியாக இருக்கக் கூடாது. குறை அடுக்கு ஒரு மதிப்பைக் குறை எண்ணாக்குவதில்லை, தலைகீழியாக்குகிறது: 2⁻³ என்பது −8 அல்ல, 1/8. ஒரே அடிமானமுள்ளவற்றை வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்கலாம் என்ற விதி, பகுதியின் அடுக்கு பெரிதாக இருக்கும் இடத்திலும் முறியாமல் நிற்க வேண்டுமானால் x² ÷ x⁵ = x⁻³ என்றே கொள்ள வேண்டும்.

இந்தக் கருத்து அதன் குறியீட்டைவிட மிகப் பழையது. அலெக்சாந்திரியாவின் டயொஃபாண்டஸ், ‘அரித்மெட்டிகா’ நூலில் மாறியின் ஆறாம் அடுக்கு வரை பெயர் சூட்டியதோடு, அவற்றின் தலைகீழிகளுக்கும் பெயர் வைத்தார். பாக்தாதில் அல்-கரஜி இவ்விரு வரிசைகளையும் பெருக்கும் வழிகளை விரிவாக ஆராய்ந்தார். 12ஆம் நூற்றாண்டில் அல்-சமவ்அல் அமைத்த அட்டவணையே இவற்றுள் தெளிவானது. நடுவில் 1, ஒரு பக்கம் x, x², x³, மறுபக்கம் 1/x, 1/x², 1/x³. இரண்டைப் பெருக்க, ஒன்று நடுவிலிருந்து எத்தனை இடம் தள்ளி நிற்கிறதோ, மற்றதிலிருந்து அதே திசையில் அத்தனை இடம் நகர்ந்தால் போதும். குறியுடன் அடுக்குகளைக் கூட்டுவது இதுவேதான்.

ஐரோப்பாவில் குறை அடுக்கை எழுத்தில் கொண்டுவந்தவர் நிக்கோலா ஷூக்கே. 1484இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலில், 72x-ஐ 8x³-ஆல் வகுத்தால் 9x⁻² கிடைக்கும் என்பதைத் தம் சொந்தக் குறியீட்டில் காட்டினார். அந்தக் கையெழுத்துப்படி 1880 வரை அச்சேறவில்லை. கணித வரலாற்றில் இது பெரிய இழப்பு. மிகாயேல் ஷ்டீஃபெல் 1544இல் 2-இன் அடுக்குகளை 1/8 வரை கீழிறக்கி, அதன்மேல் −3 என்று குறித்தார். இன்றைய மேலெழுத்து முறையை 1637இல் நிலைநாட்டிய டெக்கார்ட் மிகை முழு எண் அடுக்குகளோடு நின்றுவிட்டார். ஜான் வாலிஸ் 1656இல் 1/x-இன் அடுக்கு −1 என்று விளக்கினார். ஆனாலும் x⁻¹ என்று எழுதவில்லை. அப்படி எழுதியவர் நியூட்டன். லைப்னிட்ஸைச் சென்றடைய 1676இல் அவர் எழுதிய ஈருறுப்புத் தேற்றக் கடிதத்தில் a⁻¹, a⁻² இரண்டும் உள்ளன.

சுருக்கும் முறையில் ஒரு வேறுபாடு முதன்மையானது. குறை அடுக்குள்ள ஒன்று முழுத் தொகுதிக்கோ பகுதிக்கோ காரணியாக இருந்தால் மட்டுமே, அடுக்கின் குறியை மாற்றிக் கோட்டின் மறுபக்கம் கொண்டுபோகலாம். கூட்டல் உறுப்பாக இருந்தால் அது செல்லாது. x⁻¹ + y⁻¹ என்பது 1/(x + y) ஆகாது: x = 2, y = 3 எனில் முன்னது 5/6, பின்னது 1/5. மாணவர்கள் மிகுதியாகத் தவறும் இடம் இது.

(x⁻¹ + y⁻¹)/(x⁻² − y⁻²) என்னும் கோவையில் தொகுதி, பகுதி இரண்டையும் x²y²-ஆல் பெருக்கினால் குறை அடுக்குகள் மறைந்து xy(x + y)/(y² − x²) வரும். பகுதியைக் காரணிப்படுத்தி (x + y)-ஐ நீக்க, விடை xy/(y − x). மேற்கண்ட மதிப்புகளை இட்டால் இரு வடிவங்களும் 6 தருகின்றன. x, y சுழியாகக் கூடாது, x = −y ஆகவும் கூடாது என்ற நிபந்தனைகள் விடையில் கண்ணுக்குத் தெரிவதில்லை; மூலக்கோவைக்கு உரியவை என்பதால் அவற்றை விடையுடன் சேர்த்தே எழுத வேண்டும்.