மாவலிபுரச் செலவு

எங்கள் அடுக்குமாடியில் பத்து தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். மதுரை, சேலம், திருநெல்வேலி, சென்னை என்று ஆளுக்கொரு ஊர். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து எங்கேயாவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது வழக்கம். இந்த வருஷம் ஒரு நண்பர் ஆம்ஸ்டர்டாம் போய்விட்டு வந்தார். அங்கே ஊருக்குள் ஓடும் கால்வாயில் படகு, படகில் மேஜை, மேஜையில் இரவுச் சாப்பாடு என்று போட்டோவாகக் காட்டித் தள்ளிவிட்டார். உடனே தீர்மானம் நிறைவேறியது: "நாமும் தனிப் படகு எடுத்து ராத்திரிச் சாப்பாடு வைக்கிறோம்." ஏற்பாடு யார்? வங்கியில் வேலை பார்ப்பவன் ஒருத்தன் கூட்டத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அடியேன்தான்.

எக்ஸெல் ஷீட் திறந்தேன். படகு வாடகை, சாப்பாடு 26 இலை, பஸ், இதர செலவு. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். படகு சரி, பெங்களூரில் கால்வாய்க்கு எங்கே போவது?

இந்த ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல், ஒரு மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. படகு விடும்படியான ஆறு கிடையாது. மேற்கே விழும் மழை அர்க்காவதி வழியாகக் காவிரிக்குப் போகும், கிழக்கே விழுவது தென்பெண்ணைக்குப் போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஏரி மேல் ஏரியாக வெட்டினார்கள். ஒரு ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்குத் தண்ணீர் போக வழி வைத்தார்கள். அதற்குப் பெயர் ராஜகாலுவே. காலுவே என்றால் நம்ம கால்வாய்தான். பெயரில் ராஜா இருக்கிறார், ஓடுவது பெரும்பாலும் சாக்கடை. பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி அந்தத் தண்ணீர் ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. நாம் ஊரை விட்டு வந்துவிட்டாலும், நாம் இங்கே கை கழுவின தண்ணீர் தமிழ்நாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது!

அடுத்து அல்சூர் ஏரி ஞாபகம் வந்தது. கரையிலேயே 1950ல் தொடங்கின பெங்களூர்த் தமிழ்ச் சங்கம். கொஞ்சம் தள்ளி, 18 வருஷம் மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை. நமக்குப் பாந்தமான இடம்தான். ஆனால் விசாரித்தவரை அங்கே பகலில் ஒரு சுற்றுப் படகுச் சவாரி உண்டே தவிர, ராத்திரி இலை போட்டுச் சாப்பிட வழியில்லை. ஷீட்டில் சிவப்பு அடித்துவிட்டு, தங்கமணியிடம் புலம்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஏண்டா, படகுல சாப்பிடறதுக்கு ஆம்ஸ்டர்டாம் என்னத்துக்கு? மயிலாப்பூர்லேர்ந்து மகாபலிபுரம் வரைக்கும் படகுலயே போவாங்களே?"

அப்பாவுக்கு 83 வயது. அம்மா போன பிறகு எங்களோடுதான் இருக்கிறார். என் தாத்தா மயிலாப்பூரில் கால்வாய்க் கரையில் ஒரு விறகுத் தொட்டியில் கணக்குப்பிள்ளை. ஸ்ரீஹரிகோட்டா பக்கத்துக் காட்டு விறகு, உப்பு, நெல் எல்லாம் படகில் வந்து இறங்கின காலம். எத்தனை படகு, எத்தனை கட்டு, எவ்வளவு எடை என்று எழுதுவது தாத்தாவின் வேலை. கணக்கு எழுதும் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

சரி, அந்தக் கால்வாயின் கதைக்கு வருவோம். பக்கிங்காம் கால்வாய் என்றால் இன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொள்வோம். ஆனால் அது ஆந்திராவில் 257 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் மரக்காணம் வரை 163 கிலோமீட்டர், கடலை ஒட்டியே ஓடும் நீர்ப்பாதை. 1806ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியதில் தொடங்கியது. 1837ல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டுகொண்டே போனது. நடுவில், சென்னைக்குள், ஒரு துண்டு மட்டும் பாக்கி நின்றது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்க வேண்டிய சுமார் 8 கிலோமீட்டர். மயிலாப்பூர் வழியாகப் போகும் துண்டு அதுதான். எங்கள் தாத்தாவின் விறகுத் தொட்டி இருந்ததும் அதன் கரையில்தான்.

அந்தத் துண்டை வெட்டியது எப்போது தெரியுமா? 1877-78ல். நம் வீட்டுப் பெரியவர்கள் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்வார்களே, அப்போது. ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்று மதிப்பிடுகிற பஞ்சம். கிராமங்களிலிருந்து சென்னையை நோக்கி வந்த ஜனங்களுக்கு நிவாரணம் என்றால் சும்மா கஞ்சி இல்லை. வேலை செய்தால் கூலி. அந்த நிவாரண வேலைகளில் ஒன்றாகத்தான் இந்தக் கால்வாய்த் துண்டை வெட்டினார்கள்.

கூலி எவ்வளவு என்று பார்த்தேன், தொழில் புத்தி. 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன் செலவைக் கட்டுப்படுத்த ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்புகிறார். அவர் நிர்ணயித்த கூலி: ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓர் அணா. ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதைத் தின்றுகொண்டு மனுஷன் வேலை செய்ய முடியாது என்று சண்டை போட்டார். சில மாதத்தில் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். கால்வாய்க்கு அப்போதைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயரை 1878ல் வைத்தார்கள். வெட்டினவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இங்கே பெங்களூரில் உட்கார்ந்து இதைப் படிக்கும்போது, நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைக்க வேண்டாம். அதே பஞ்சம் மைசூர் ராஜ்யத்திலும் ஐந்தில் ஒரு பங்கு ஜனத்தைக் கொண்டுபோனது. நாம் லீவு விட்டால் மைசூருக்கு ஏறுகிறோமே, அந்த பெங்களூர்-மைசூர் ரயில் பாதையும் பஞ்ச நிவாரண வேலையாகத் தொடங்கியதுதான். 1882ல் மைசூரை எட்டியது. அங்கே கால்வாய், இங்கே தண்டவாளம். கூலி வாங்கின கைகள் ஒரே மாதிரிதான்.

அந்தக் கால்வாயில்தான் பிறகு உல்லாசப் பயணமும் நடந்தது. சாயங்காலம் சென்னையில் படகு ஏறினால், ராத்திரியெல்லாம் போய் விடியும்போது மாமல்லபுரம். அப்படிப் போன கூட்டங்களில் ஒன்றை மறக்கவே முடியாது. 1934ல் ஒரு பௌர்ணமி இரவு. படகில் பாரதிதாசன், ஜீவானந்தம், குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார், மயிலை சீனி. வேங்கடசாமி, சாமி சிதம்பரனார், நாரண துரைக்கண்ணன் என்று ஒரு பட்டாளமே. யோசித்துப் பாருங்கள், அந்த ஒரு படகில் எத்தனை பேச்சு நடந்திருக்கும்! அந்தப் பயணத்தைப் பற்றிப் பாரதிதாசன் எழுதிய கவிதையின் பெயர் "மாவலிபுரச் செலவு".

பி.காம். படித்தவன் என்பதால் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். தலைப்பைப் பார்த்தவுடன், ஆஹா, கவிஞரும் நம்மை மாதிரி வரவு செலவு எழுதியிருக்கிறார் என்று நினைத்துவிட்டேன். என் மகள் சிரித்துவிட்டு, "அப்பா, செலவுன்னா பயணம்!" என்றாள். இங்கே தமிழ் வகுப்பில் சேர்த்ததற்கு அன்றைக்குப் பலன் கிடைத்தது.

அப்பாவிடம் கவிதையைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "காத்து இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா கரையில ரெண்டு ஆள் கயித்தைத் தோள்ல போட்டு இழுத்துண்டே நடப்பான். விறகு ஏத்தின படகையும் அப்படித்தான் இழுப்பான். தொட்டிக்கு வந்து சேர்றப்போ அவன் தோள்ல தோல் இருக்காது. உங்க தாத்தா ஏட்டுல எழுதறதுக்கு முன்னாடி மொதல்ல அவனுக்குச் சோறு போடச் சொல்வார்." நான் பேங்கில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தாத்தாவைப் பற்றி அப்பா இதை இதுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அப்புறம் கால்வாய் என்ன ஆனது? லாரியும் ரயிலும் சரக்கை எடுத்துக்கொண்டன. 1965, 1966 புயல்களில் பலமாக அடி வாங்கியது. ஊரின் கழிவெல்லாம் அதில் இறங்கியது. பிறகு பறக்கும் ரயில் வந்தது. கடற்கரையிலிருந்து 1995ல் சேப்பாக்கம், 1997ல் மயிலாப்பூர். தூண்களும் ஸ்டேஷன்களும் கால்வாய்க்குள்ளேயே எழும்பின. அந்த ரயிலில் நானே காலேஜ் போயிருக்கிறேன். கீழே பார்த்து மூக்கைப் பொத்தியதோடு சரி. அப்படியும் 2004 சுனாமியில், கரையோரத்தில் பல இடங்களில் கடல் தண்ணீரைத் தான் வாங்கிக்கொண்டு வேகத்தைத் தணித்தது இதே கால்வாய்தான். 2008ல் தேசிய நீர்வழி 4ன் பகுதியாக அறிவித்தார்கள்.

வங்கியில் பத்து வருஷம் யாரும் கேட்டு வராத டெபாசிட் இருந்தால் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுவோம். 2014லிருந்து அப்படி ஒரு ஏற்பாடு. ஆனால் பணம் போய்விட்டதாக அர்த்தமில்லை. உரியவரோ வாரிசோ என்றைக்கு வந்து கேட்டாலும் கொடுத்தாக வேண்டும். பக்கிங்காம் கால்வாய் எனக்கு அப்படித்தான் தெரிகிறது. 450 கிராம் தானியத்துக்கு வேலை செய்தவர்கள் போட்ட டெபாசிட். வாரிசுகள் நாம்தான், ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டோம், யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் கிடைக்காது என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூர் ஆறும் ஒரு காலத்தில் நாறியதுதான். 1977ல் தொடங்கிப் பத்தே வருஷத்தில் சுத்தம் செய்துவிட்டார்கள். சிங்கப்பூர்வாசிகள் அடுத்த முறை அங்கே படகில் உட்காரும்போது பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: 19ம் நூற்றாண்டில் அந்த ஆற்றில் சரக்குத் தோணி தள்ளியவர்களில் சூலியா என்று அழைக்கப்பட்ட நம்மூர் ஆட்கள் ஏராளம்.

எங்கள் திட்டமும் மாறிவிட்டது. ஆம்ஸ்டர்டாம் கனவை மூட்டை கட்டியாயிற்று. ஒரு பௌர்ணமி சனிக்கிழமை, பஸ் எடுத்துக்கொண்டு சென்னைப் பக்கம் போகிறோம். சாயங்காலம் முட்டுக்காட்டில் படகு. பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் உப்பங்கழி அது. நிலா கிளம்பும் நேரத்துக்கு மாமல்லபுரம், அங்கே ராத்திரிச் சாப்பாடு. என் மகள் அந்தக் கவிதையைப் படிப்பாள். பஞ்சத்தின் கதையை அப்பா சொல்வார். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை. பின்னால் சொன்னால் தொண்டையில் நிற்காது என்கிறார் ஒருவர். முன்னால்தான் சொல்ல வேண்டும் என்கிறார் அப்பா.

நேற்று ராத்திரி ஷீட்டை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக, கணக்குப்பிள்ளை மகன் மாதிரியே விரலை வைத்துப் பார்த்தார். சாப்பாட்டு வரியில் விரல் நின்றது.

"26 இலைன்னு போட்டிருக்கியே, படகு ஓட்டறவங்க, பஸ் டிரைவர், கிளீனர் எல்லாம் இதுல சேர்த்தியா?"

சேர்க்கவில்லை. இப்போது 31 என்று திருத்தியிருக்கிறேன்.