நொண்டியின் சாட்சி: மேடையும் மதமாற்றமும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் வீதியிலே கெலிஓயாவையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் அறிந்தோருக்குச் ‘சாட்சி’ என்ற சொல் நீதிமன்றத்தை மட்டும் நினைவூட்டுவதில்லை. நற்செய்திக் கூட்டத்திலே முன்னாள் நடிகரோ பாடகரோ எழுந்து, தாம் விசுவாசமற்றிருந்த காலத்தையும் கிறிஸ்துவை அறிந்த நாளையும் எடுத்துரைப்பதும் சாட்சியே. 1968 இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் நாதஸ்வரக் கலைஞனாகத் தோன்றிய ஏ. வி. எம். ராஜன் பின்னாளிற் கிறிஸ்தவப் போதகரானார். 1966 இல் இலண்டனிலே பில்லி கிரகாமின் கூட்டமொன்றிற் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் தம் விசுவாசத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். இவற்றை நோக்குவோர், இவ்வழக்கம் முற்றிலும் மேனாட்டு இறக்குமதி என்று எளிதில் முடிவுகட்டிவிடுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் பாவ வாழ்வைத் தானே மேடையில் நின்று கூறும் கலைஞனைத் தமிழர் முன்னரே அறிவர்.

நொண்டி நாடகம் அதற்குச் சான்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிற் செழித்த இவ்வடிவத்திலே ஒருவனே நடிகன்; ஒரு காலை மடித்துக் கட்டிக்கொண்டு தன் கதையைத் தானே பாடி ஆடுவான். களவிலே வளர்ந்தவன், தாசியிடம் பொருளிழந்து, குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் காலிழக்கிறான். தெய்வத்தைச் சரணடைந்து காலைத் திரும்பப் பெறுகிறான். நொண்டிச் சிந்து என்ற யாப்பே இவனாற் பெயர் பெற்றது. தெய்வம் எதுவென்பது இவ்வடிவத்துக்கு ஒரு பொருட்டன்று. திருச்செந்தூர் நொண்டிக்கு முருகன். சீதக்காதி நொண்டி நாடகத்திலே, செஞ்சியிற் காலிழந்தவன் கீழக்கரை வள்ளலின் ஆதரவுடன் மக்கா சென்று நலம் பெறுகிறான். பாளையப்பட்டுகளும் படையெடுப்புகளும் நாட்டை அலைக்கழித்த காலத்திலே, நிலத்தோடு பிணைப்பற்றுத் திரிந்தவனைப் பாவியாக்கி, பின் புரவலனின் தயவாலும் கடவுளின் கருணையாலும் ஒழுங்குக்குட் கொணரும் நிலமானியச் சமுதாயத்தின் விருப்பத்தை இங்கு காணலாம். ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இந்நாடகத்திலே பொருளியல் மறைவதில்லை. தாசிக்குக் கொடுத்தது என்ன, திருடப் போனது எது என்பனவெல்லாம் வெளிப்படையாகக் கணக்கிடப்படுகின்றன.

இவ்வடிவத்தைக் கிறிஸ்தவத்துக்கு உரியதாக்கியவருள் வேதநாயக சாஸ்திரியார் முக்கியமானவர். 1774 இல் திருநெல்வேலியிற் பிறந்து, இளமையிலே சுவாட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பின்னர் இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவும் பெற்றவர் அவர். ‘பெத்லகேம் குறவஞ்சி’யின் ஆசிரியரான இவர் ‘ஞான நொண்டி நாடகம்’ ஒன்றையும் இயற்றினார். சைவத்திலிருந்து மாறியவர் அவருடைய தந்தையாரே. சாஸ்திரியார் கிறிஸ்தவ இல்லத்திற் பிறந்தவர். அவிசுவாசியாக ஒருநாளும் வாழாத ஒருவர், மனந்திரும்பும் பாவியின் குரலை மேடைக்கு எழுதித் தந்தார் என்பது நமது கவனத்துக்குரியது. சாட்சியென்பது வாழ்வனுபவமாவதற்கு முன்னரே ஒரு பாத்திரமாக இருந்தது. அரசவையின் ஆதரவிருந்தும் கோயிற்றெய்வத்தைப் பாட மறுத்தவர் அவர் என்பர். ஆனால் 1820களிலே புதிய மிஷனரிமார் திருச்சபையிற் சாதி வேறுபாட்டை ஒழிக்க முற்பட்டபோது, அதை எதிர்த்து நின்றவரும் அவரே. தெய்வத்தை மாற்றத் தயங்காத குடும்பம், பந்தியிருக்கையை மாற்ற உடன்படவில்லை. அவருடைய இசைப் புலமையைப் போற்றும் நம் இலக்கிய வரலாறுகள் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன.

மலையகத்திலே நிலைமை வேறு. 1854 இல் கண்டிப் பகுதியிலே தோட்டத்துரைமாரின் பணவுதவியோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தனர். கூலிக்காரரின் ஆன்மாவுக்குச் செலவிட்ட அதே கை, அவர்களின் கூலியையும் நிர்ணயித்தது. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் ஆடியவர்களும், தப்படித்தவர்களும் அந்த லயங்களில் இருந்தனர். கோயிற்றிருவிழாவிலே பறை கொட்டுதல் ஒருவனுக்குக் கலை. அதுவே அவன்மீது சுமத்தப்பட்ட சாதித் தொழிலுமாகும். தென்னிந்தியாவிற் போல இங்கும் மதம் மாறியவன் பறையைக் கீழே வைத்தால், அவன் துறந்தது அஞ்ஞானத்தையா, அடிமைத்தனத்தையா, தன் கலையையா? இக்கேள்விக்கு அவனே கூறக்கூடிய விடையை மிஷன் அறிக்கைகளிலே தேடிப் பயனில்லை; அவை துரைமாருக்கும் தாய்ச்சங்கத்துக்கும் எழுதப்பட்டவை.

‘அவிசுவாசம்’ என்ற சொல்லும் ஆராயத்தக்கது. 1858 இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதுவரை நம்பிக்கையற்றிருந்தவரல்லர், வைணவர். மிஷன் வழக்கிலே பிற நம்பிக்கையும் நம்பிக்கையின்மையாயிற்று. மெய்யான நாத்திகம் தமிழ் மேடையில் ஒரு நிலைப்பாடாக எழுந்தது 1925 இற்குப் பின்னர், சுயமரியாதை இயக்கத்தோடுதான். அதன் வழிவந்த கண்ணதாசன் நாத்திகத்தைக் கைவிட்டு ‘அர்த்தமுள்ள இந்துமதம்’ எழுதினார். 1981 இல் மறைவதற்கு முன்னர், மதம் மாறாமலே ‘இயேசு காவியம்’ பாடி முடித்தார். சாட்சிக் கூட்டத்துக்கு இத்தகையவர் உதவார். அங்கே வேண்டப்படுவது முற்பாதி இருளும் பிற்பாதி ஒளியுமான வாழ்வு. இருளிலே பட முதலாளிக்கோ, வட்டிக்கடைக்கோ, வேலையில்லாத மாதங்களுக்கோ இடமில்லை, நடிகனின் பாவம் மட்டுமே உண்டு. பழைய நொண்டி இவ்வகையிற் சற்று நேர்மையானவன். தன் காலை வெட்டியவர் யாரென்பதை அவன் சபையிலேயே சொன்னான்.